மச்சுக்கு மேலே மரப்பட்டி: கொல்லாமல் வெளியேற்ற வழி சொல்லுங்கள்

குமரிவீடு | ஏப்ரல் 6, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா கட்டியது. மேலே ஓடு, அதற்குக் கீழே அயனிப் பலகையில் மச்சு. இரண்டுக்கும் நடுவே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடம் உண்டு.

மூன்று வாரமாக இரவு பத்தரை, பதினொன்றுக்கு மச்சின் மேல் ஏதோ நடமாடுகிறது. எலி ஓடினால் எனக்குத் தெரியும், அது விறுவிறுவென்று போகும். இது பூனை குதித்தது போல ஒரு 'தொம்', அப்புறம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நிதானமாக நடை. பிறகு அமைதி. விடியக்காலை நாலரைக்கு மறுபடி அதே 'தொம்'. போன ஞாயிறு பிள்ளைகள் படுக்கும் அறையில் பலகை இடுக்கு வழியாக மூத்திரம் சொட்டிப் பாயில் விழுந்துவிட்டது. சின்னவளுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

அம்மாவிடம் சொன்னால், "மக்கா, அது மரப்பட்டி. உங்க அப்பா காலத்துலயும் வரும். சக்கை முடிஞ்சா போயிரும், அதுபாட்டுக்கு இருக்கட்டு" என்கிறார். (சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம்.) பக்கத்து வீட்டு அண்ணன் பழத்தில் மருந்து வைக்கச் சொல்கிறார். எனக்கு அதைக் கொல்ல மனமில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. வெளியூர்களில் மரநாய் என்று சொல்வதும் இதைத்தானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மயிலை_மாடி | ஏப்ரல் 7, காலை 6.15

அதேதான். உங்கள் ஊரில் மரப்பட்டி, எங்களுக்கு மரநாய். பெயரில்தான் நாய் இருக்கிறது, நாய்க்கும் அதற்கும் உறவில்லை. புனுகுப்பூனைக் குடும்பம். சென்னையில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மயிலாப்பூர், அடையாறு பக்கம் பழைய வீடுகளில் நிறைய இருக்கிறது.

மாடியிலோ மதில் மேலோ ஒரே இடத்தில் எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் தினமும் போட்டுவிட்டுப் போகும். கிட்டப் போய்ப் பார்த்தால் முழுக்க விதை. சப்போட்டா விதை உடையாமல், கறுப்பாக, கழுவி வைத்தது போல இருக்கும். பழம்தான் அதற்கு முதல் சாப்பாடு, எலி, பூச்சி எல்லாம் அப்புறம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். பகலில் ஆள் வைத்துச் சிமென்ட் பூசினோம். அன்று இரவெல்லாம் தாய் வெளியே நின்று ஓட்டைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. உள்ளே குட்டி இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் பூசியதை உடைத்தோம். இரண்டு குட்டியில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. என் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பொள்ளாச்சித்_தோட்டம் | ஏப்ரல் 7, காலை 9.02

எல்லோரும் இரக்கப்படுகிறீர்கள். என் நிலைமையையும் கேளுங்கள். போன வருஷம் ஒரே மாதத்தில் பதினான்கு கோழி போனது. தின்றது பாதி, கழுத்தைக் கடித்துப் போட்டது பாதி. என் மனைவி அந்தக் கோழி, முட்டைக் காசில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வண்டிக் கட்டணம் கட்டினாள். குமரி நண்பரே, மருந்து வைப்பதுதான் வழி. ஒரு நாளில் முடியும்.

கானுயிர்_தம்பி | ஏப்ரல் 7, பகல் 1.30

பொள்ளாச்சி அண்ணா, பதினான்கு கோழி என்பது சின்ன நஷ்டம் இல்லை. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மருந்து வேண்டாம். மரநாய், 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விலங்கு. கொன்றாலும் பிடித்தாலும் வழக்கு வரும். அதை விடுங்கள், குமரி அண்ணன் வீட்டு நிலைமையை யோசியுங்கள். மருந்து தின்றது மச்சில் போய்ச் செத்தால் யார் எடுப்பது? தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் பழத்தை வீட்டு நாய் தின்னும், பிள்ளைகள் கையில் எடுக்கும். எலி மருந்தும் இதே கதைதான். மருந்து தின்ற எலியைக் கூகை தின்று செத்துக் கிடந்ததை நானே கையில் எடுத்திருக்கிறேன். வருஷம் முழுக்க எலி பிடித்துக் கொடுத்த பறவை அது.

குமரி அண்ணா, உங்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் வரும் எந்த விலங்கும் சும்மா வராது. மூன்றில் ஒன்று வேண்டும்: தீனி, தண்ணீர், இல்லை என்றால் பகலில் படுக்க இருட்டான இடம். உங்கள் வீட்டில் மச்சு இருட்டு, பக்கத்திலேயே பலா. மரப்பொந்து உள்ள கிழட்டு மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு ரப்பர் வைத்திருக்கிறோம். ரப்பர் மரத்தில் பொந்து ஏது? அது உங்கள் மச்சைத்தான் பொந்தாக நினைத்து இருக்கிறது.

முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். சாயங்காலம் ஓட்டின் ஓரம், சுவர் சேரும் இடம், உத்தரக்கட்டை முனை எல்லாவற்றிலும் கோலமாவை மெல்லிசாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். கல்மாவு நல்லது. காலையில் பாதத் தடம் சொல்லிவிடும். ஐந்து விரலும் பதியும். பூனைத் தடத்தில் நான்குதான்.

இரண்டாவது, குட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். தாய் வெளியே போன பிறகு, இரவு பதினொன்றுக்கு மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மச்சுக்குக் கீழே பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். குட்டி இருந்தால் மெல்லிய சத்தம் வரும். ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து வரை போடும்.

குட்டி இல்லை என்றால் வேலை சுலபம். இரவு அது வெளியே போனதும் அடைத்துவிடலாம். பகலில் மட்டும் அடைக்கக் கூடாது, அது உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

யாழ்_வளவு | ஏப்ரல் 7, இரவு 8.10

எங்கட ஊரிலையும் மரநாய்தான். பனையில கட்டியிருக்கிற முட்டியில கள்ளைக் குடிச்சிட்டுப் போயிடும் எண்டு சீவல் தொழிலாளர் திட்டுவினம். எங்கட அம்மம்மா கோழிக்கூட்டை நிலத்தில இருந்து உயர்த்தி, கீழ்ப்பக்கமும் கம்பிவலை அடிச்சு வைச்சிருந்தவ. பொழுதுபடக் கோழியை அடைச்சுப்போட்டு, கொளுக்கி போட்டாச்சா எண்டு தானே ஒருக்கா இழுத்துப் பார்ப்பா. ஒரு கோழியும் போகேல்லை. பொள்ளாச்சி அண்ணை, நீங்களும் அப்பிடிச் செய்து பாருங்கோ.

குமரிவீடு | ஏப்ரல் 11, காலை 7.25

தம்பிக்கு மிகவும் நன்றி. மூன்று நாள் கோலமாவு தூவினேன். முதல் நாள் ஒன்றுமில்லை, பல்லித் தடம்தான். இரண்டாம் நாள் அடுக்களைக்குப் பின்னால், புகைக்கூண்டு ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு ஓடு நகர்ந்திருந்தது, அதன் கீழ் மாவில் தடம். ஐந்து விரல். என் பெரியவள் அதன் பக்கத்தில் கையை ஊன்றித் தன் விரல்களை எண்ணிப் பார்த்தாள். பயமெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது போல இருந்தது அவளுக்கு.

பலாவின் கிளை ஒன்று அந்த ஓட்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது. அதுதான் ஏணி.

நேற்று இரவு விசிறியை நிறுத்திவிட்டு நானும் என் மனைவியும் நின்றோம். சத்தம் கேட்டது. கோழிக்குஞ்சும் இல்லை, பூனைக்குட்டியும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு கீச்சு. ஒன்றுக்கு மேல் இருக்கிறது. என்ன செய்வது?

என் மனைவிக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. மச்சில் எலியும் இருந்தால் அதைத் தேடிப் பாம்பு வராதா?

இரவுப்பணி_செவிலி | ஏப்ரல் 11, மாலை 4.50

தங்கைக்கு நான் பதில் சொல்கிறேன். டெல்டா பகுதியில் அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மரநாயை விட எனக்கு அந்த எலிப் பயம்தான் பெரிது. நெல், அரிசி, கோழித்தீனி சிந்திக் கிடந்தால் எலி. எலி இருந்தால் பாம்பு. வீட்டைச் சுற்றி விறகும் செங்கலும் அடுக்கியிருந்தால் அதற்கு வீடே கட்டிக் கொடுத்தது போல.

நம் பக்கம் ஆளைக் கொல்லும் பாம்பு முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் தூங்கும் ஆளைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். இரவில்தான் இரை தேடும். பாயில் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல பேருக்கு வலியே தெரியாது, கடிவாய் வீங்காது, தேடினாலும் கிடைக்காது.

ஒரு விடியக்காலை பதினோரு வயதுப் பையன் வந்தான். வயிற்றுவலி. வேறொரு இடத்தில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவன் அம்மா, "பையன் தூக்கக் கலக்கத்துலயே இருக்கான்" என்றார். நான் விளக்கைக் காட்டி மேலே பார்க்கச் சொன்னேன். பார்க்க முயற்சி செய்கிறான், இமை ஏறவில்லை. தரையில் படுத்தானா என்று கேட்டேன், ஆமாம் என்றார். மருத்துவர் ஓடி வந்து பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றினார். நான்கு நாள் செயற்கை சுவாசக் கருவியில் இருந்தான். பிழைத்தான். வீடு திரும்பும்போது எங்கள் எல்லோருக்கும் கமர்கட் கொடுத்தான்.

அதனால் சொல்கிறேன். பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கொசுவலை கட்டி, ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிவிடுங்கள். இரவில் விளக்கு இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. நடக்க விடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்து இலவசம். பாம்பைத் தேடிப் பிடித்து வர வேண்டாம், அதில் இன்னொருவர் கடிபடுவார். இந்த நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் பலர் தாமதத்தால்தான் போனார்கள்.

மரநாயைப் பற்றி ஒன்று. குட்டி அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

செங்கல்பட்டு_ஏரிக்கரை | ஏப்ரல் 11, இரவு 9.35

அக்கா சொன்ன மருந்து எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தை வைத்துத்தான் மருந்து தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பெரியவர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஏரிக்கரை வீட்டுக்கும் இருளர் தாத்தா ஒருவர் வருவார். பாம்பைத் தேட மாட்டார். வாசலில் குந்தி, மண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். "இப்படிப் போயிருக்கு, இது சாரை, விட்டுடு" என்பார்.

எஸ்டேட்_மகள் | ஏப்ரல் 12, பகல் 11.20

வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். 'தீனி இருந்தால் வரும்' என்று தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் லயன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஞாபகம் வந்தது.

பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இரவு ஒன்றரை மணி இருக்கும். அடுப்படியில் ஜன்னல் கம்பி வளைகிற சத்தம். அப்பா எழுந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து என் வாயையும் தம்பி வாயையும் பொத்தினார். கதவு இடுக்கில் நான் பார்த்தேன். தும்பிக்கை மட்டும் உள்ளே இருந்தது. பலகையை ஒவ்வொரு சாமானாகத் தடவியது. மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டுவிட்டு விலக்கியது. உப்பு ஜாடியை எடுத்தது. அப்புறம் கீழே இருந்த ரேஷன் அரிசி மூட்டையை. மூட்டை ஜன்னலில் நுழையவில்லை. அதற்காகத்தான் சுவரைத் தள்ளியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, பாதிச் சுவர் போய்விட்டது. எங்களை ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் சத்தம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா பிறகு பல நாள் சொல்வார்.

எங்கள் ஊர் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைக்கு எங்கள் தோட்டம்தான் பாதை. இங்கே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆட்கள் வனத்துறையோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தினமும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும், 2011 முதல் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி வரும். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. என் அம்மாவுக்கு அந்த விளக்குத்தான் பெரிசு. வேலை முடிந்து இருட்டில் வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்.

நாங்கள் இப்போது அரிசியை மூட்டையாக வீட்டில் வைப்பதில்லை.

கோத்தகிரி_குளிர் | ஏப்ரல் 12, மாலை 6.05

எங்களுக்குக் கரடி. கோயில் கதவை உடைத்து, விளக்கேற்ற வைத்திருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். அதனால் பூசை முடிந்ததும் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்.

இன்னொன்று முக்கியம். உள்ளே வந்த விலங்கை வளைத்து நிற்காதீர்கள். 2023 தீபாவளிச் சமயம் குன்னூரில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒன்று வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்களுக்கும் காயம். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருந்துவிட்டு, இரவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது தானாகவே வெளியே போய்விட்டது. கதவைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்து, ஒதுங்கி நின்று வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதுதான் நம் வேலை.

பொள்ளாச்சித்_தோட்டம் | ஏப்ரல் 13, காலை 8.40

எல்லாவற்றையும் படித்தேன். மயிலாப்பூர் அம்மா எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள், "முதல்ல கூட்டுக்கு அடிப்பக்கம் வலை அடிங்க" என்றாள். யாழ்ப்பாணத்துச் சகோதரர் சொன்னபடி கொளுக்கியும் மாட்டப் போகிறேன். மருந்து வைக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கானுயிர்_தம்பி | ஏப்ரல் 13, காலை 10.15

நன்றி அண்ணா.

குமரி அண்ணா, குட்டி இருப்பதால் இரண்டு வழி. ஒன்று, பகலில் மச்சுக்குள் ஒரு விளக்கும் வானொலியும் போட்டு வையுங்கள். இடம் சரியில்லை என்று தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடலாம். ஆனால் போக இடம் வேண்டும், உங்கள் பக்கம் பொந்து மரம் குறைவு. இன்னொன்று, இரண்டு இரண்டரை மாதம் பொறுப்பது. குட்டிகள் தாயோடு வெளியே போகப் பழகிவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

குமரிவீடு | ஏப்ரல் 15, இரவு 10.05

பொறுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பெத்தவ இருக்கா உள்ள." பிள்ளைகளை முன்னறைக்கு மாற்றி, கட்டிலும் கொசுவலையும் போட்டாயிற்று. ஒழுகும் இடத்தில் மச்சுக்குக் கீழே தார்ப்பாயைத் தொட்டில் போலக் கட்டியிருக்கிறேன். கோழித்தீனியை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றினேன். விறகை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கினேன். அப்போது அடியில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. செவிலி அக்காவுக்கு என் மனைவி நன்றி சொல்லச் சொன்னாள்.

குமரிவீடு | ஜூன் 9, காலை 6.50

முடிந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மே கடைசியிலிருந்தே குட்டிகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. மூன்று. பெரியவள் இரவு ஜன்னலில் உட்கார்ந்து எண்ணுவாள். தாய் முதலில் கிளையில் போய் நிற்கும். இரண்டு உடனே பின்னால் போய்விடும். மூன்றாவது ஓட்டின் ஓரம் வரை வந்து, முன்காலை நீட்டி, திரும்ப உள்ளே போய்விடும். தாய் திரும்பி வரும், அதன் பக்கத்தில் நின்று மறுபடி கிளைக்குப் போகும். நான்காவது நாள்தான் அது தாண்டியது. அன்று சின்னவளையும் எழுப்பிக் காட்டினோம்.

நேற்று இரவு நான்கும் போன பிறகு மச்சில் ஏறி ஒவ்வொரு மூலையாக விளக்கடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நகர்ந்த ஓட்டைச் சரி செய்து, உள்பக்கம் கம்பிவலை அடித்து, பலாக்கிளையையும் ஓட்டைத் தொடாமல் வெட்டிவிட்டேன். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னால் எப்படியும் ஓடு மாற்ற வேண்டியிருந்தது. தோட்டத்து மூலையில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் பழைய புகைப்புரை ஒன்று சும்மாதான் கிடக்கிறது. அதன் மேல் ஜன்னலைத் திறந்து வைத்து, உள்ளே பலகைத் தட்டு ஒன்று போட்டிருக்கிறேன்.

விடியக்காலை நாலரைக்கு ஓட்டின் மேல் நடை கேட்டது. புகைக்கூண்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் போய்விட்டது. அம்மா விழித்துத்தான் இருந்தார். "புரைக்குப் போவும்" என்றார்.

மயிலை_மாடி | ஜூன் 9, காலை 7.30

படித்ததும் மாமியாரிடம் சொன்னேன். மூன்றும் பிழைத்ததா என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு சந்தேகம்: வலை எந்த அளவு வாங்கினீர்கள்? எங்கள் மாடிக்கும் அடிக்க வேண்டும். மச்சை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

குமரிவீடு | ஜூன் 9, இரவு 9.15

அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ். பெரிய கண் வாங்கினால் எலி நுழைந்துவிடும். கோழிவலை வேண்டாம், அது மெல்லிசு, கடித்துப் பிய்த்துவிடுமாம். ஆணி மட்டும் போதாது, ஓரத்தில் மரச்சட்டம் வைத்துத் திருகாணி போடுங்கள். சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, எச்சத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு அப்புறம் வழித்தெடுத்தேன். காய்ந்தபடி பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். ஒரு சாக்கு நிறைய வந்தது, பாதிக்கு மேல் விதை. அம்மா அதைத் தோட்டத்து வேலியோரம் கொட்டச் சொன்னார். கொட்டிவிட்டேன், இன்றைக்கு மழையும் பெய்திருக்கிறது.